பால் வடிந்த நாலு கோடு

"என் அறிக்கையைத் திருப்பிக் கொடுங்க சார். அதுல தப்பு இருக்கு."

அதிகாரி நிமிரவில்லை. கதவோரம் கோப்போடு நின்றிருந்த தலைமை எழுத்தர்தான் இருமினார். அது சளி இருமல் இல்லை. 'வாயை மூடு' என்பதற்கான இருமல். அவருக்கு எங்கள் வனத்துறை அலுவலகத்தில் முத்திரை என்று பெயர். அவர் மேசையில் இருக்கும் வட்ட முத்திரை குத்தாத தாள் எதுவும் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. எட்டு மாதத்துக்கு முன்பு நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்றுதான்.

"குடை கேளு, பூட்ஸ் கேளு, லீவு கேளு. என் நாற்காலியைக்கூடக் கேளு, யோசிச்சுச் சொல்றேன். ஆனா அந்த ரூமுக்குள்ள போன தாளை மட்டும் திரும்பக் கேட்காத. இருபத்தாறு வருஷமா ஒருத்தரும் கேட்டதில்லை."

இப்போது நான் கேட்டுவிட்டேன். சுவரில் மணி ஒன்பது இருபது.

"எந்த அறிக்கை?" என்றார் அதிகாரி. எந்த அறிக்கை என்று அவருக்குத் தெரியும்.

"பத்து நாளைக்கு முன்னாடி கொடுத்தது. ரப்பர் தோட்டம், ஏழாம் பகுதி. நாய்த் தடம்னு எழுதினேன். நாய் இல்லை சார். சிறுத்தை."

முத்திரை கோப்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். கதவை மட்டும் முழுசாகச் சாத்தவில்லை.

அந்தத் தடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் தப்பை நானே சொல்வதுதான் முறை. காட்டு விலங்குகள் நடமாட்டத்தைத் தடம், எச்சம், நகக்கீறல் வைத்துக் கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. படிவத்தில் நாற்பது கட்டம். ஏழாம் பகுதி தோட்டத்தின் கடைசி. அதற்கு மேலே புதர்ச் சரிவு, அதற்கு மேலே காடு. அதற்கு முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. சரிவில் சேறு. இரண்டே இரண்டு தடம், இரண்டும் வழுக்கி இழுபட்டவை. விரல்களுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளி தெளிவாக இருந்தது. நாய்க்கு நகம் பதியும், பூனைச் சாதி நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். மூன்று வருடம் விலங்கியல் படித்ததில் கல்லூரி மாடியிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டுக் கேட்டாலும் சொல்வேன். பக்கத்தில் தீப்பெட்டி வைத்துப் படம் எடுத்தேன். அகலம் ஏழு சென்டிமீட்டர். நாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சேற்றுச் சரிவில் வழுக்கும்போது பூனைச் சாதியும் நகத்தை வெளியே நீட்டும். மண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாமா? அதையும்தான் படித்திருந்தேன். அந்த வரி அன்று ஞாபகத்துக்கு வரவில்லை. உள்ளங்காலின் பின்விளிம்பு மூன்று மேடாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், 'வழுக்கினதில் அப்படித் தெரிகிறது' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. நனையாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம். இதற்குமேல் அதற்கு அலங்காரம் எதுவும் கிடையாது.

அந்த வாரம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் இரண்டு நாய் காணாமல் போயிருந்தது. அதனால் ஆட்கள் சரிவையொட்டிப் போகும் குறுக்குப் பாதையை விட்டுவிட்டுச் சுற்றிப் போனார்கள். முக்கால் மணி நேரம் கூடுதல். தோட்டத்து நிர்வாகம் எங்கள் அலுவலகத்திடம் ஒரு தாள் கேட்டது. என் அறிக்கையிலிருந்து இரண்டு வரியை எடுத்து அச்சடித்து, வட்ட முத்திரை குத்தி, பால் நிறுக்கும் கொட்டகையில் ஒட்டினார்கள். 'காணப்பட்டது நாயின் காலடித் தடமே. தொழிலாளர்கள் அச்சமின்றிப் பாதையைப் பயன்படுத்தலாம்.' அடியில் என் கையெழுத்து.

அப்பாவும் தோட்டத்து ஆள்தான், எழுத்துத் தெரியாது. ஆனால் என் கையெழுத்தைத் தெரியும். கல்லூரி விண்ணப்பத்தில் நான் போட்ட கையெழுத்துக்குக் கீழேதான் அவர் பெருவிரலை உருட்டினார். அந்தத் தாளைத் தொட்டுக் காட்டி, "இந்தா, இது எம் பொண்ணு போட்டது. கடைசியில ஒரு சுழி சுழிப்பா பாரு" என்று கொட்டகையில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். மறுநாளே எல்லோரும் குறுக்குப் பாதைக்குத் திரும்பிவிட்டார்கள். என் அக்காவும்தான். அவள் ரப்பர் பால் வெட்டுவதே ஏழாம் பகுதியில்.

"எப்படி இப்ப சிறுத்தை ஆச்சு?" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் மாத்திரை டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

நேற்று சாயங்காலம் அக்கா ஒரு எச்சரிக்கைச் சீட்டோடு வந்தாள். மரத்தைக் காயப்படுத்தினாள் என்று கங்காணி எழுதிக் கொடுத்தது. இன்னும் ஒன்று வாங்கினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள்.

"பதினோரு வருஷமா வெட்டுறேன்டி. கத்தி எங்க போகணும்னு எனக்குத் தெரியாதா?" என்று அரிவாள்மணையில் உட்கார்ந்து வெங்காயத்தின் மேல் கோபத்தைக் காட்டினாள். "புதுப்பட்டை வளர்ற இடத்துல, என் தோள் உயரத்துக்கு மேல, நாலு கோடு. பால் வடிஞ்சு காஞ்சு கிடக்கு. நான் வெட்டுறது முழங்காலுக்குக் கீழ. மேல எதுக்குப் போய்க் கீறப் போறேன்? ஏணி வெச்சா?"

"குடிச்சிட்டு வந்த எவனாவது கீறியிருப்பான்" என்றார் மாமா, அக்காவின் கணவர்.

"குடிச்சவன் நாலு கோட்டை ஒரே இடைவெளியில போடுவானா? எனக்கே வராது அது."

நான் கேட்டேன், "சாய்வாவா, நேராவா?"

"என்ன?"

"கோடு, அக்கா. உன் வெட்டு மாதிரிச் சாய்வா இருக்கா, மேலருந்து கீழ நேரா இருக்கா?"

அக்கா வெங்காயத்தை விட்டுவிட்டுக் கையைக் காற்றில் நகர்த்திக் காட்டினாள். மேலிருந்து கீழே. நேராக. நாலு விரலும் விரிந்தபடி.

வெளிச்சம் போவதற்குள் மாமாவையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மரம் நின்றது. இளம்பட்டையில் நாலு கோடு ஒரு சாண் நீளம், மேலே ஆழம், கீழே வரவர மெல்லிசு. பால் வடிந்து, காய்ந்து, மஞ்சளாகி நூல்நூலாகத் தொங்கியது. காட்டு மரமாக இருந்தால் கீறல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். இது ரப்பர் மரம். பட்டதைப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்ளும். இரண்டாவது கோட்டில் பால் பிசினுக்குள் ஏதோ சிக்கியிருந்தது. பால் காய்ந்ததை உரித்தெடுத்தேன். உள்ளே வளைந்த, கண்ணாடி போன்ற ஒரு தோடு. நகத்தின் மேலுறை. மரத்தில் நகம் தீட்டும்போது பழைய உறை கழன்று விழும். நாய் மரத்தில் நகம் தீட்டாது. தோள் உயரத்தில் சத்தியமாகத் தீட்டாது.

மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். "போலாம்" என்றார். "இப்பவே போலாம்."

அந்த மரத்திலிருந்து பதினைந்து அடியில் புதர். அக்காவின் மரங்கள் பழையவை. வருடா வருடம் வெட்டு இறங்கி இறங்கி இப்போது அடிமரத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு மரத்துக்கும் அவள் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், முதுகைப் புதருக்குக் காட்டிக்கொண்டு. விடியாத இருட்டில், பின்னாலிருந்து பார்க்கும் கண்ணுக்கு, உட்கார்ந்த என் அக்கா ஓர் ஆட்டின் உயரம்.

வீட்டுக்கு வந்து, நகத்தோட்டை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்துவிட்டுச் சொன்னேன். நாளைக்கு யாரும் ஏழாம் பகுதிக்குப் போகக் கூடாது என்றேன். அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"தாள்ல நாய்னு இருக்கே?"

"தப்பா எழுதிட்டேன்பா."

"நீயா?" என்றார். நம்பாமல் இல்லை, நம்ப முடியாமல்.

மாமா கங்காணி வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். கங்காணி சொன்னதை அப்படியே சொன்னார். "உன் கொழுந்தியா ஆபீசுல நாய்ங்கிறா, அடுப்பங்கரையில சிறுத்தைங்கிறா. இதுல எதை நான் நம்புறது? முத்திரை குத்துன தாள் சுவத்துல இருக்கு. அது மாறட்டும், நானும் மாறிக்கிறேன். அதுவரைக்கும் வராதவங்களுக்கு வரலைன்னு குறிப்பேன். உம் பொண்டாட்டிக்கு ஏற்கனவே ஒரு சீட்டு இருக்கு, ஞாபகம் வெச்சுக்க."

இன்று விடியற்காலை நாலரைக்கு அக்கா போனாள். நெற்றியில் விளக்கு, இடுப்பில் கத்தி, கையில் ஒரு காலி டின்னும் கரண்டியும். ஏழாம் பகுதி எல்லை வரை நானும் போனேன். "தட்டிக்கிட்டே இரு" என்றேன். "ஒரு கையில தட்டி ஒரு கையில வெட்ட நான் என்ன பத்துக் கை அம்மனா?" என்று சிரித்தாள். பிறகு மரங்களுக்கு நடுவே அவள் விளக்கு இறங்கியது, ஏறியது, இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். விடிந்து, வெயில் விழுந்த பிறகுதான் அலுவலகத்துக்கு நடந்தேன்.

அதிகாரி மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நகத்தோட்டைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல வருடம் காட்டில் நடந்த மனிதர், கையாள்வதிலேயே தெரிந்தது.

"சிறுத்தைதான்" என்றார். "நல்லா வளர்ந்தது. யார் இல்லைன்னா?"

"அப்ப மாத்திடுங்க சார். விதிப்படி ஏழு நாள் பகுதியை மூடணும். காமிரா வைக்கணும்."

"மூடலாம். அடுத்த மாசக் கணக்கெடுப்பு எப்ப?"

"பன்னிரண்டு நாள் இருக்கு."

"அதுல எழுது. புதுசா வந்திருக்குன்னு எழுது. நானே கையெழுத்துப் போடுறேன். பழைய தாளைத் தொடாத."

வெளியே தொலைபேசி அடித்தது. தோட்டத்துக் கொட்டகையில் ஏதாவது நடந்தால் அடிக்கும் தொலைபேசி அதுதான். என் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. முத்திரை எடுத்தார்.

"ஆமாங்க... கூரை மேலயா... ராத்திரி ஓடுதா... வால் நீளமா? கறுப்பா? மரநாய்ங்க. ஒண்ணும் பண்ணாது... என்னது, எச்சத்துல பழக்கொட்டை இருக்கா? அப்ப கண்டிப்பா மரநாய். வெச்சிடட்டுமா?"

நாற்காலியை விட்டு எழாமல் இருபத்தாறு வருடமாக அவர் பார்த்த விலங்கு மரநாய் ஒன்றுதான். எந்தக் கூரையில் என்ன ஓடினாலும் மரநாய். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"பன்னிரண்டு நாள் சார்" என்றேன். "அந்தப் பாதையில தினம் நாற்பது பேர் போறாங்க. என் தாளை நம்பித்தான் போறாங்க."

"உன் தாள் மாசக் கணக்குல சேர்ந்து மேல போயாச்சும்மா. திருத்தம்னு ஒண்ணு போனா, விசாரணைன்னு ஒண்ணு வரும். யார் சரிபார்த்தாங்கன்னு கேப்பாங்க. சரிபார்த்த இடத்துல என் கையெழுத்து. படத்தைக்கூட நான் திறந்து பார்க்கலை, உன்னை நம்பிப் போட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மாற்றல் ஆர்டர் அடுத்த வாரம். நாலு வருஷமா மனைவியும் பொண்ணும் ஒரு ஊர், நான் ஒரு ஊர். பொண்ணு போன்ல என்னை 'நீங்க'ங்கிறா இப்பல்லாம். விசாரணை நடக்கிற ஆளுக்கு மாற்றல் கிடையாது."

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததில் இன்னும் கோபம் வந்தது.

"உனக்கும் சொல்றேன்" என்றார். "ரெண்டு மாசத்துல உன் வேலையை நிரந்தரம் பண்றாங்க. ஒரு அறிக்கை தப்புன்னா நீ எழுதின அத்தனையும் சந்தேகம்தான். உங்க வீட்டுல நீதானே முதல் பட்டதாரி? யோசி."

இதை ஏன் எல்லோரும் சொல்லி வைத்தாற்போலச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. பாராட்டும்போதும் முதல் பட்டதாரி. பயமுறுத்தும்போதும் முதல் பட்டதாரி. என்னவோ ஒரு பீங்கான் பாத்திரத்தைத் தலையில் ஏற்றி விட்டு, 'பார்த்து நட, பார்த்து நட' என்று சுற்றிலும் நின்று சொல்வதுபோல.

"யோசிச்சுட்டேன் சார். அந்தத் தாளை நம்பிப் போறது எங்க அக்கா."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு ஒரு புதுப் படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். "சரி. ஒண்ணு பண்ணு. 'அடையாளம் தெரியாத விலங்கு'ன்னு ஒரு குறிப்பு எழுது. உள் குறிப்பு. தோட்டத்துக்குச் சொல்லி ரெண்டு காவலாளை அனுப்பச் சொல்றேன்."

"அடையாளம் தெரியும் சார். இப்பத்தான் நீங்களே சொன்னீங்க."

"நம்ம ரெண்டு பேருக்குத் தெரியும்."

"மூணு பேரு" என்றேன். கதவுக்கு வெளியே நாற்காலி கிறீச்சிட்டது.

"தாளுக்குத் தெரிய வேண்டாம்மா" என்றார். கிட்டத்தட்டக் கெஞ்சினார். "அவ்வளவுதான் கேக்குறேன்."

ஒரு நிமிடம் அந்தப் படிவத்தைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு காவலாள், ஒரு குறிப்பு, இரண்டு மாதத்தில் நிரந்தரம். அக்காவை மட்டும் எப்படியாவது இரண்டு வாரம் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். அப்போது அவள் வரிசையை வேறு ஒருத்தி வெட்டுவாள். அவளுக்கும் முதுகு புதர் பக்கம்தான் இருக்கும். அவளும் கொட்டகைச் சுவரில் என் சுழியைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

மறுபடியும் தொலைபேசி.

இந்த முறை முத்திரையின் குரல் மாறியது. "சொல்லுங்க... எங்க... எப்ப?" ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அவர் என்னைப் பார்த்ததும் கையை அசைத்தார், இல்லை இல்லை என்று. ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "ஆள் யாருக்கும் ஒண்ணும் இல்லை" என்றார். "கொட்டகையிலருந்து பேசுறாங்க. அந்த வெள்ளைப் பெட்டை நாய், எப்பவும் கங்காணி பின்னாலயே சுத்துமாமே, அதைக் காணோம்னு தேடியிருக்காங்க. ஏழாம் பகுதி வாய்க்கால்கிட்ட பாதி கிடக்காம். அதுவும் நாய் அடிச்சதுதானான்னு நம்ம ஆபீசைக் கேக்குறாங்க. என்ன சொல்ல?"

அதிகாரி நகத்தோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முத்திரை என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியில், "பார்த்துச் சொல்றோம்" என்றார். மரநாய் என்று சொல்லவில்லை.

மணி பத்து ஐந்து. அக்கா வெட்டி முடித்திருப்பாள். பதினொரு மணிக்குப் பால் எடுக்கத் தொடங்குவார்கள். திரும்ப மரம் மரமாகக் குனிய வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வாளியோடு கொட்டகைக்கு வருவார்கள். தோட்டத்து ஆட்கள் மொத்தமும் ஒரே இடத்தில் நிற்பது ஒரு நாளில் அந்த ஒரு நேரம்தான். அதை விட்டால், நாளைக் காலை நாலரைக்கு மறுபடியும் விளக்கு இறங்கும், ஏறும், இறங்கும்.

உள்ளே போய் நகத்தோட்டை மாத்திரை டப்பாவில் போட்டு மூடி எடுத்துக்கொண்டேன். அதிகாரி தள்ளி வைத்த படிவத்தையும் எடுத்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. படிவத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் அவர் மேசையிலிருந்த தடித்த பேனாவால் எழுத ஆரம்பித்தேன். கொட்டகைத் தூணிலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து.

'ஏழாம் பகுதியில் நடமாடுவது சிறுத்தை. நாய் என்று நான் எழுதியது தப்பு. குறுக்குப் பாதையில் போகாதீர்கள். ஏழாம் பகுதியில் வெட்டாதீர்கள்.'

அடியில் கையெழுத்து. கடைசிச் சுழியைக் கொஞ்சம் பெரிதாகவே சுழித்தேன்.

"இது செல்லாதும்மா" என்றார் அதிகாரி. எழுந்து நின்றிருந்தார். "முத்திரை இல்லாத தாள் அது. இதை வெளியில ஒட்டினா நீ நாளைக்கு இங்க வர முடியாது. நான் நினைச்சாலும் உன்னைக் காப்பாத்த முடியாது."

"தெரியும் சார்."

"யார் நம்புவாங்க இதை?"

"எங்க அப்பா படிக்க மாட்டாரு. ஆனா இது யார் போட்டதுன்னு சொல்லிடுவாரு."

முன்னறைக்கு வந்தேன். முத்திரையின் மேசையில் வட்ட முத்திரையும் மைப்பெட்டியும் பசை டப்பாவும் வரிசையாக இருந்தன. வட்ட முத்திரையின் மேல் அவர் கையை வைத்திருந்தார். அதை நான் எடுத்துவிடுவேன் என்று பயந்தாரோ, அவரே குத்திவிடுவார் என்று பயந்தாரோ, எனக்குத் தெரியாது. நான் பசை டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டேன்.

"அது ஆபீஸ் பசை" என்றார், குரல் தாழ்த்தி.

"திரும்பக் கேட்டு ஒரு தாள் எழுதுங்க."

வாசல்படியில் சேறு காய்ந்த என் பூட்ஸ் கிடந்தது. அதுவும் அலுவலகத்துடையதுதான். அதை அங்கேயே விட்டுவிட்டு என் செருப்பை மாட்டிக்கொண்டேன். பின்னால் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. இந்த முறை திரும்பிப் பார்க்க நின்றால் கால் நகராது என்று தெரியும். கொட்டகைக்கு நாலு கிலோமீட்டர். தாள் கசங்காமல் உருட்டிப் பிடித்துக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தேன்.